தொண்டையில் இருந்த கோபம்

தொண்ணூற்றொன்றில் ஒரு சாயங்காலம், தாம்பரத்திலிருந்து மணிமங்கலம் போகும் பஸ். என் முன் சீட்டிலிருந்த ஏழு வயதுச் சிறுமி உரக்கச் சொன்னாள்:

"அப்பா மேல எனக்குக் கோவமா கீது அத்த. சொல்லாம கொள்ளாம செத்துப் பூட்டாரு."

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை அவள் வாயைப் பொத்தவில்லை.

"கோவம் எங்க கீது?"

"தொண்டையில."

"எப்போ வருது?"

"கம்பெனி சங்கு ஊதும்போது. முன்னெல்லாம் சங்கு ஊதுனா அப்பா பன்னு எடுத்துனு வருவாரு. இப்போ சங்கு மட்டும் ஊதுது."

"நல்லாத் தொட்டுப் பாரு. கோவந்தானா அது?"

சிறுமி தொண்டையைத் தடவி யோசித்தாள்.

"இல்ல அத்த. அழுகை."

"அழுவுறியா?"

"இங்க வாணாம். வூட்டுக்குப் போய் ரெண்டு பேரும் அழுவலாம். உனக்கு அவரு அண்ணன்தானே?"