கறுப்புப் பொட்டு வைத்த ஹெட்லைட்டுகள்

பெயர்: ஆனந்தமேரி. வயது: 61. கணவர்: பிரகாசம் (காலமானவர்). இருப்பிடம்: லாஸ்பேட்டை, புதுச்சேரி. தொழில்: பள்ளி அலுவலக எழுத்தர் (ஓய்வு).

நான் மேற்படி இடத்தில் தனியாக வசித்து வருகிறேன். என் மகள் லினெட் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். தவளக்குப்பத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் தணிகாசலம் என் ஜீப்பின் பழைய ஹெட்லைட் இரண்டையும் திருடி விற்றுவிட்டார் என்று நேற்று இந்த நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தது நான்தான். அந்தப் புகார் தவறு. அது எப்படித் தவறானது என்பதைக் கீழே சொல்கிறேன்.

என் கணவர் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டு வந்தார். சேற்றிலும் மணலிலும் அதை இழுத்துப் போக வேண்டும் என்பதற்காக 1994-ல் ஏலத்தில் இந்த ஃபோர் வீல் ஜீப்பை எடுத்தார். என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். ஹெட்லைட்டை 'ஃபார்' என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அந்தக் காலத்தில் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு இல்லாத வண்டியைப் போலீசார் ஓரங்கட்டுவார்கள். எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது என்பார்கள். எல்லோரும் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினார்கள். என் கணவர் கறுப்புப் பெயின்ட் டப்பாவில் பெருவிரலை முக்கி வலது விளக்கில் ஒரே அழுத்தாக அழுத்தினார். அதன் பிறகு என்னைக் கூப்பிட்டு, "எடது பக்கம் நீ வை மேரி, ரிஜிஸ்டர் கல்யாணம் மாதிரி இருக்கட்டும்" என்றார். என் வலது கையில் காபி டம்ளர் இருந்ததால் இடது பெருவிரலை முக்கி வைத்தேன். பொட்டு சின்னதாக இருக்கிறதே என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் கணவர் அவரையும் சிரிக்க வைத்தே அனுப்பியிருப்பார்.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் அந்த விளக்குகளைத் துடைப்போம். மழைத் தண்ணீர் உள்ளே போனால் வளையத்தைக் கழற்றி ரப்பரைக் காய வைப்போம். பல்பை வெறும் கையால் தொடக் கூடாது, துணியால்தான் பிடிக்க வேண்டும். பொட்டின் மேல் மட்டும் துணி படாமல் பார்த்துக்கொள்வேன். 2011-ல் தானே புயல் அடித்து கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில், பொழுது சாய்ந்ததும் அவர் ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தி விளக்கைப் போடுவார். தெருவே அந்த வெளிச்சத்தில் சமைத்துச் சாப்பிட்டது. அந்தப் புயலை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்தான் வருகிறது. இதை வெளியில் சொன்னால் திட்டுவார்கள்.

அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் ஜீப்புக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்கப் போனபோது, விளக்கில் வெளிச்சம் போதாது, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லினெட் ஜீப்பையே விற்றுவிடச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு சென்ற வியாழக்கிழமை ஜீப்பைத் தணிகாசலத்திடம் விட்டேன். உள்ளே இருக்கும் ரிப்ளெக்டர் துருப்பிடித்துவிட்டது, அதை மட்டும் மாற்ற வேண்டும், கண்ணாடியில் எங்கள் வீட்டுக்காரர் கைரேகை இருக்கிறது, அது எனக்கு வேண்டும் என்று சொன்னேன். இன்னொரு கண்ணாடியில் இருப்பது என் ரேகை என்பதை வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டேன்.

அதன் பிறகு நேற்று காலை போய்ப் பார்த்தபோது ஜீப்பில் புது விளக்குகள் இருந்தன. பழையது எங்கே என்று மூன்று முறை கேட்டேன். தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, ஒரு வாரம் டைம் குடுங்க" என்றார். பட்டறை வாசலில் பழைய இரும்பு எடுக்கும் வண்டி நின்றது. எனக்கு ரத்தம் தலைக்கேறி, நேரே இங்கே வந்து புகார் கொடுத்தேன்.

இன்று காலை விசாரணைக்கு என்னையும் தணிகாசலத்தையும் அழைத்திருந்தீர்கள். உண்மையைச் சொல்லாவிட்டால் திருட்டு வழக்கு ஆகிவிடும் என்று நீங்கள் சொல்லியும் அவர் வாய் திறக்கவில்லை. அப்போது அவர் மனைவி செல்வாம்பாள் ஒரு இட்லிப் பானையுடன் உள்ளே வந்து, அதை மேஜை மேல் வைத்து, மூடியைத் திறந்து உள்ளே இருந்த கண்ணாடிகளைக் காட்டி, "அஞ்சி நாளா இதுல சுடுதண்ணி வெச்சி இந்தக் கண்ணாடியதான் வேவ வெக்கிறாரு. வீட்ல மூணு வேளையும் தோசை. திருடறவன் இப்டிதான் திருடுவானா?" என்று கேட்டார்.

கண்ணாடியும் ரிப்ளெக்டரும் பசையால் ஒட்டியிருப்பதால், கொதிக்கிற தண்ணீரில் பசையை இளக வைத்துப் பிரிக்கப் பார்த்திருக்கிறார். ஒன்று முழுசாகக் கழன்றுவிட்டது. மற்றொன்று மூன்றாக உடைந்துவிட்டது. அதன் பிறகுதான் தணிகாசலம் பேசினார். "எது அண்ணனுதுன்னு எனக்குத் தெரியலக்கா. ஒடஞ்சது அவருதா இருந்தா ஒங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

என் கணவரின் பெருவிரலில் ஃபேன் பெல்ட் வெட்டிய தழும்பு உண்டு. அவர் ரேகையில் அது சாய்வாக ஒரு வெள்ளைக் கோடாக இருக்கும். நான் முதலில் பானையிலிருந்து உடைந்த துண்டுகளைத்தான் எடுத்தேன். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கோடு இல்லை. அதன் பிறகு முழுக் கண்ணாடியைத் திருப்பினேன். கோடு இருந்தது. போலீஸ் ஸ்டேஷன் என்றும் பார்க்காமல் அழுதேன். "ஒடஞ்சது என்னுதுதான் தணிகாசலம். அந்த வெரல் இன்னும் எங்கிட்டதான இருக்கு" என்றேன்.

வலது பக்கத்துக்குப் பழைய கண்ணாடியையே புது ரிப்ளெக்டரில் பொருத்தித் தருவதாகத் தணிகாசலம் சொல்லியிருக்கிறார். இடது பக்கத்துப் புதுக் கண்ணாடியில் நான் மறுபடியும் பொட்டு வைப்பேன். இப்போது அதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தணிகாசலம் எந்தக் குற்றமும் செய்யவில்லை. என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். செல்வாம்பாளுக்குப் புது இட்லிப் பானை என் பொறுப்பு.

இதில் எழுதியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஆனந்தமேரி

குறிப்பு: வாக்குமூலம் கொடுத்தவர் கையெழுத்திடத் தெரிந்தவர். ஆயினும் அவர் தாமாகக் கேட்டுக்கொண்டதன் பேரில் நிலையத்து ஸ்டாம்ப் பேடில் இடது பெருவிரலை ஒற்றி இங்கே பதித்தார். அதன் பிறகு உடைந்த கண்ணாடியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "அதேதான்" என்றார்.

என் முன்பாக: ஆதிமூலம், உதவி ஆய்வாளர்.