எந்த மாசம் வரலாம்

இல்லங்க, தீவு மேல தப்பே இல்ல. நீங்க வந்த மாசம்தான் தப்பு. ஜூலையில வந்துட்டு வெயில் எங்கன்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. ஷூவைக் கழட்டிடுங்க தம்பி, பரவாயில்ல, பெஞ்சுக்குக் கீழ வைங்க. படகு இப்போதைக்கு வராது. இந்தக் காத்து அடங்க ரெண்டு மணி நேரமாவது ஆகும். உக்காருங்க. ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கும், என் கை அப்படி.

என்னது, அஞ்சு நாளும் ரூமுக்குள்ளயேவா? அடப்பாவமே. டிவியாவது வந்துச்சா? அதுவும் இல்லையா. சரி விடுங்க. லீவு எப்பக் குடுக்கறாங்களோ அப்பதானே வர முடியும். உங்க மேனேஜருக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்.

இருபத்தாறு வருஷமா இந்த டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருக்கேன். வர்றவங்க கேக்கறது மூணே கேள்வி. பாத்ரூம் எங்க, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, மறுபடி வர்றதா இருந்தா எந்த மாசம் வரலாம். முதல் ரெண்டுக்கும் போர்டு மாட்டியாச்சு. மூணாவதுக்கு நான்தான் போர்டு. இதோ, இந்த நோட்டப் பாருங்க. இது பதினோராவது நோட்டு. தினம் காலையில வந்ததும் காத்து எந்தப் பக்கம், அலை எவ்வளவு, மழை உண்டா இல்லையா, எல்லாம் எழுதிடுவேன். யாரும் எழுதச் சொல்லல. ஹோட்டல்காரங்களே போன் பண்ணுவாங்க. அண்ணே, அடுத்த வாரம் ஒரு கல்யாண பார்ட்டி வருது, எப்படி இருக்கும்னு கேப்பாங்க. ஒரு தடவகூட நான் சொன்னது தப்பினதில்ல. சரி, ரெண்டு தடவ தப்பியிருக்கு.

ஜனவரியா? எல்லாரும் அதத்தான் சொல்வாங்க, நம்பாதீங்க. கடல் நல்லாத்தான் இருக்கும். ஆனா மணல்ல துண்டு விரிக்க எடம் இருக்காது, ரூம் வாடகை ரெண்டு மடங்கு. ஏப்ரல், மே மாசம் வந்தீங்கன்னா வெந்துபோயிடுவீங்க. நான் சொல்றதக் கேளுங்க. நவம்பர் கடைசி ரெண்டு வாரம். உங்க பக்கம் கொட்டும், ஆனா இது மேற்குக் கடல், இங்க மழை அப்பதான் விட்டிருக்கும், கூட்டம் இன்னும் கிளம்பியிருக்காது. கடல் தட்டுல ஊத்தின எண்ணெயாட்டம் கிடக்கும். இத நான் எல்லாருக்கும் சொல்றதில்ல. சொன்னா அதுவும் ஜனவரி மாதிரி ஆயிடும். உங்களுக்கு அஞ்சு நாள் வீணாப்போச்சேன்னு சொல்றேன்.

நானா? தனியாத்தான் இருக்கேன். துறைக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து. வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆச்சு. அவ இருந்தப்ப மழை பேஞ்சா என்னையும் கூரையையும் சேத்துத் திட்டிக்கிட்டே ஒழுகற எடத்துல குண்டான் வைப்பா. இப்ப நானே வைக்கறேன். திட்டத்தான் ஆள் இல்ல. இந்த மாதிரி படகு நின்னுபோற நாள் எனக்குப் பிடிக்கும் தம்பி, தப்பா நினைக்காதீங்க. யாராவது பேச்சுக்கு மாட்டுவாங்க.

ஒரே பொண்ணு. அக்கரையில எறங்கி, ரயில்ல ஒரு பகல் போகணும். அவகிட்டயும் இதத்தான் சொன்னேன், நவம்பர்ல வான்னு. சிரிக்காதீங்க. தொழில் பழக்கம். வரட்டுமான்னு யார் கேட்டாலும் என் வாயில மாசம்தான் வரும்.

நாலு வருஷம் ஆச்சு. இதே மாதிரி ஒரு ஜூலை. போன் பண்ணினா. அப்பா, நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமான்னு கேட்டா. கையில ஆறு மாசக் குழந்த. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இப்ப வேண்டாம்மா, கடல் சரியில்ல, குழந்தைக்குச் சளி பிடிச்சுக்கும், நவம்பர் வரட்டும், நானே அக்கரைக்கு வந்து கூட்டிட்டு வர்றேன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆகஸ்ட்ல மறுபடி கேட்டா. நான் நோட்டப் புரட்டிப் பாத்து, போன வருஷம் ஆகஸ்ட்ல பதினெட்டு நாள் படகே ஓடலம்மான்னு சொன்னேன். அதுக்கு அவ மெதுவா, அப்பா, நான் கடலப் பாக்கவா வரட்டுமான்னு கேக்கறேன், அப்படின்னா.

எனக்கு அப்பவும் புரியல தம்பி.

பின்னாடி என் மச்சினிதான் சொன்னா. புருஷன் வீட்ட விட்டு வெளிய வந்துட்டாளாம். அந்த ரெண்டு மாசமும் குழந்தையத் தூக்கிக்கிட்டு சிநேகிதி வீட்டு ஹால்ல படுத்திருந்திருக்கா. அலை ஓஞ்சப்புறம் கடலாடலாம்னு உக்காந்திருந்தீங்களா மாமான்னு மச்சினி கேட்டா. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில விழுந்துச்சாம் துள்ளி. நம்ம கதை அதுதான்.

நவம்பர்ல கூப்பிட்டேன். வீட்டுக்கு வெள்ளையடிச்சு, குழந்தைக்குன்னு ஒரு தொட்டிலக்கூட வாங்கி வெச்சேன். வேலை கிடைச்சிருக்குப்பா, லீவு இல்லன்னா. அடுத்த வருஷமும் அதே பதில். அதுக்கப்புறம் மாசமெல்லாம் சொல்றத விட்டுட்டேன். எப்ப வேணாலும் வாம்மா, புயல் அடிச்சாலும் வான்னு சொல்லிட்டேன். பாக்கலாம்பான்னா. பேத்திய போன்லதான் பாத்திருக்கேன். அது ஒரு எடத்துல நிக்காது, நெத்தியும் ஒரு கண்ணும்தான் தெரியும்.

நான் போய்ப் பாக்கலாமேன்னுதானே கேக்கறீங்க? வர்றேன்னு சொன்னேனே. வேண்டாம்பா, வீடு சின்னது, இப்ப சௌகரியப்படாது, அப்புறம் பாத்துக்கலாம்னா. எங்கிட்டேந்து கத்துக்கிட்டதுதான்.

சேச்சே, அவளுக்குக் கோபமெல்லாம் இல்ல. கோபப்பட்டிருந்தா கெஞ்சியாவது சமாதானம் பண்ணியிருப்பேன். ஞாயித்துக்கிழமை ஆனா கூப்பிடுவா. சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு ரொம்ப மரியாதையாக் கேப்பா. அந்த மரியாதையத்தான் என்னால தாங்க முடியல.

ம்? அதுக்கப்புறம் இங்க வரவே இல்லையான்னா? வந்தாளே. போன வாரம்தான் வந்தா. இந்த மழையிலதான்.

புதன்கிழமை எனக்கு லீவு. முதல் படகுல அக்கரைக்குப் போய் மாத்திரை, மளிகை எல்லாம் வாங்கிக்கிட்டு கடைசிப் படகுலதான் திரும்புவேன். அவ சின்னப் பொண்ணா இருந்ததுலேந்து அப்படித்தான், அவளுக்குத் தெரியாததில்ல. அந்தப் புதன்கிழமை பாத்து, பத்து மணிப் படகுல வந்து மூணு மணிப் படகுல திரும்பிட்டா. வியாழக்கிழமை வந்து பயணிங்க எழுதிக் குடுத்த தாளையெல்லாம் அடுக்கறப்பதான் பாத்தேன். அவ கையெழுத்து. பேருக்கு முன்னால இன்னும் என் இனிஷியல்தான் போடறா. கீழ குழந்த பேரு, வயசு நாலரை. எங்க சந்து முனையில யாரோ ஒரு பொண்ணு குழந்தையோட குடை பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுச்சுன்னு பக்கத்து வீட்டம்மா அப்புறம் சொன்னாங்க.

அந்தத் தாள்ல வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்களும் எழுதியிருப்பீங்க, ஞாபகம் இருக்காது. இந்த ஊர்க்காரங்க அதுல வீடுன்னு எழுதுவாங்க. யாரையாவது பாக்க வந்தவங்க உறவினர்னு எழுதுவாங்க. அவ சுற்றுலான்னு எழுதியிருந்தா.