வால் மட்டும் பாக்கி

டாக்டர், கம்பளி நூலில் பொம்மை பின்னுகிறவர்கள் எல்லோரும் முகம்தான் கஷ்டம் என்பார்கள். எனக்கு முகம் ஒரு பொருட்டே இல்லை. கொம்புதான் படுத்திவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் என் ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்திருந்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்லிவிட்டு, கடைசியில் "எனக்கு என்னமோ ஆயிட்டுது டாக்டர்" என்று அழுதாரே, அவர்தான். என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். "கூடவே இருக்கறது நீங்கதான். என்னென்ன மறந்தாங்கன்னு ஒண்ணு விடாம எழுதிட்டு வாங்க" என்று என்னிடம் சொன்னீர்கள். ஒன்று விடாமல் என்றதால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர், ஆக மருமகள்களும் மூன்று பேர். அக்கா மூத்தவர், நான் நடுவில். கடைசித் தம்பிக்கு ஒரு பெண், ஐந்து வயது முடியப்போகிறது. வாண்டு என்றுதான் கூப்பிடுகிறோம். வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது. அக்காவை அது பெரியம்மா என்று கூப்பிடும். நானும் முறைக்குப் பெரியம்மாதான். ஆனால் அந்தப் பட்டத்தை அக்கா முதலில் எடுத்துக்கொண்டதால் எனக்கு நடும்மா என்று ஒன்று மீந்தது. இருபத்திரண்டு வருடமாக எனக்கு எல்லாமே அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொல்கிறேன்.

வாண்டிடம் ஒரு படக்கதைப் புத்தகம் இருக்கிறது. அதில் ஒரு பூதம். கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு, வீட்டில் காணாமல் போகிற சாமான்களையெல்லாம் தின்னும். ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடி, குடைக் கைப்பிடி, எதையும் விடாது. கடைசிப் பக்கத்தில் ஒரு சிறுமி அதன் வாலைப் பிடித்து இழுப்பாள். தின்றதெல்லாம் வெளியே வந்து விழும். பிறந்தநாளுக்கு அந்தப் பூதம்தான் வேண்டும் என்றது வாண்டு. நடும்மாதான் பின்ன வேண்டும் என்றும் சொன்னது. பெரியம்மா என்று சொல்லவில்லை.

பூதத்துக்கென்று பின்னல் பேட்டர்ன் எங்கே கிடைக்கும்? இருக்கிற பேட்டர்ன்களை வெட்டி ஒட்டினேன். உடம்புக்குக் கரடியை எடுத்து, இடுப்பில் இருபது கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், கூட்டினேன். பூதமென்றால் தொந்தி வேண்டாமா? பாதம் வாத்துடையது. வாய் ஒரு தவளை முகப் பையிலிருந்து வந்தது. விரல்களுக்குக் கையுறை. கொம்புக்குத்தான் மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். நேராகப் பின்னினால் கேரட் மாதிரி நின்றது. அப்புறம் தோன்றியது: குழந்தைகளுக்குக் காலுறை பின்னும்போது குதிகாலில் ஒரு திருப்பம் வருமே, அதையே குறுக்கிப் பின்னினால் என்ன? கொம்பு தானாக வளைந்து நின்றது. என்னைப் பாராட்டத்தான் ஆளில்லை. மதியம் இரண்டரை மணி, வீடே தூங்கிக்கொண்டிருந்தது.

சிக்கல் நிறத்தில் வந்தது. புத்தகத்துப் பூதம் பாசிப் பச்சை. என்னிடம் இருந்த பச்சையில் ஒரு கால் பின்னிக் காட்டினேன். "இது பூதமில்ல, தவளை" என்று வாண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைக்குப் போனோம், அக்காவும் நானும். அச்சு அசலாக அந்தப் பாசிப் பச்சை பத்து உருண்டை இருந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அக்கா பத்தையும் கூடையில் போட்டுக்கொண்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் குளிர்காலத்துக்கு வருகிறானாம், அவனுக்கு ஸ்வெட்டர்.

"அக்கா, ரெண்டு உருண்டை எனக்கு விடுங்களேன்."

"பொம்மைக்குத்தானே? ஸ்வெட்டர் முடியட்டும். மிச்சம் இருந்தா உனக்குத்தான்."

ஒரு தடவை தோய்த்த சாயம் மறுதடவை அதே மாதிரி வராது, இனி இந்தப் பச்சையை எதிர்பார்க்காதீர்கள் என்று கடைக்காரர் வேறு சொன்னார். மிச்சம் என்ற வார்த்தையை மட்டும் அக்கா சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இனி நீங்கள் கேட்ட மறதிகளுக்கு வருகிறேன். முதலாவது, எனக்கு நூல் கொடுத்ததை அக்கா மறந்தது. பூதத்தின் தொந்தியைப் பார்த்துவிட்டு "இது என் நூலாச்சே" என்றார்.

"நீங்கதானே அக்கா குடுத்தீங்க? போன வெள்ளிக்கிழமை, துணி மடிச்சுக்கிட்டே."

"நானா?"

"மறந்துட்டீங்களா?"

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் லேசாகச் சிரித்து, "வயசாகுது பாரு" என்றார். நல்ல மனுஷி. கொடுத்தாயிற்று என்று ஒப்புக்கொண்ட பிறகு திருப்பிக் கேட்கவே இல்லை. அவர் கொடுக்கவில்லை என்பதையும் நான் எழுதத்தான் வேண்டும். ஒன்று விடாமல் என்று சொல்லிவிட்டீர்களே.

உருண்டையாக எடுத்திருந்தால் திருட்டு. நான் அப்படிச் செய்யவில்லை. அக்கா மதியம் இரண்டு மணிக்குப் படுத்தால் மூன்றரைக்குத்தான் எழுந்திருப்பார். அந்த நேரத்தில் அவர் பின்னி வைத்ததை ஊசியிலிருந்து நழுவவிட்டு எட்டு வரிசை பிரிப்பேன். அதற்கு மேல் போனால் பேராசை. பிரித்த நூலை வெட்டி எடுத்துக்கொண்டு, தொண்ணூற்றாறு கண்ணிகளையும் மறுபடி ஊசியில் ஏற்றுவேன். ஸ்வெட்டரில் நிற்கும் முனையையும் உருண்டையின் முனையையும் கொஞ்சம் நார் நாராகப் பிரித்து, எச்சில் தொட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் கம்பளி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முடிச்சே இருக்காது. வேலை என்றால் எனக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஆக, அக்கா காலையில் எட்டு வரிசை பின்னுவார், நான் மதியம் எட்டு வரிசை பிரிப்பேன். பூதம் கிடுகிடுவென்று வளர்ந்தது. ஸ்வெட்டர் நின்ற இடத்திலேயே நின்றது.

"நூல் பாட்டுக்குத் தீர்ந்துக்கிட்டே போகுது, சட்டை மட்டும் வளரவே மாட்டேங்குதே" என்று ஒருநாள் புலம்பினார்.

"இறுக்கிப் பின்றீங்க அக்கா. கொஞ்சம் லூசா விடுங்க" என்றேன். விட்டார். பிரிப்பதற்குச் சுலபமாக இருந்தது.

அக்கா லேசுப்பட்டவர் இல்லை. எத்தனை வரிசை ஆயிற்று என்று தினமும் காலண்டரில் பென்சிலால் குறித்துவைக்க ஆரம்பித்தார். அந்தப் பென்சில் எனக்கும் எட்டுகிற உயரத்தில்தான் தொங்கியது. நாற்பத்தாறை அழித்து முப்பத்தெட்டு என்று எழுதுவது ஒரு வித்தையா?

ஒரே ஒரு நாள்தான் சறுக்கினேன். வாசல் மணி அடித்த அவசரத்தில் கண்ணிகளைத் திருப்பி ஏற்றிவிட்டேன். ஒரு வரிசை முழுக்க முறுக்கிக்கொண்டு நின்றது. "நான் இப்படிப் பின்ன மாட்டேனே. முப்பது வருஷமாச்சு, கண்ண மூடிக்கிட்டுப் பின்னினாக்கூட இப்படி வராதே" என்று அக்கா தன் இரண்டு கைகளையும் விரித்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

வாண்டு ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது. "அழாதீங்க பெரியம்மா. உங்க சட்டைய என் பூதம்தான் தின்னுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

இதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து பார்ப்பது, வீட்டுச் சாவிக்கொத்தை "நீயே வெச்சுக்கோ, நான் எங்கயாவது போட்டுடுவேன்" என்று என் கையில் கொடுத்தது, குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர இனிமேல் தனியாகப் போகமாட்டேன் என்றது, எல்லாம் அக்காவே எடுத்த முடிவு. இப்போது நான்தான் போய்க் கூட்டிவருகிறேன். வாண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்கப் பேசும்.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை பின்னிப் பிரித்த நூல் சுருட்டை சுருட்டையாக இருக்கும். அலசி, கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். புத்தகத்துப் பூதத்துக்குத் தொந்தியில் சுருட்டை முடி என்பதால் நான் அலசவில்லை. பின்னத் தெரிந்த யாரும் தொட்டவுடனே சொல்லிவிடுவார்கள், இது பிரித்த நூல் என்று. போன மாதம் அக்கா அந்தத் தொந்தியை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், "வேண்டாம் விடு, எனக்குத்தான் இப்ப எதுவும் நிச்சயமாத் தெரியலையே" என்று பொம்மையைக் கீழே வைத்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன் டாக்டர், அன்றைக்கு ஒரு நாள் நான் நூலைத் தொடவில்லை.

ஆக, அக்காவுக்கு மறதி கிடையாது. ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை. எல்லாம் நான் செய்தது. நீங்கள் எழுதிக் கொடுத்த ஸ்கேன் எல்லாம் எதற்கு, பாவம், அந்த இயந்திரத்துக்குள் படுக்க அவர் பயப்படுகிறார்.

ஆனால் நீங்கள் ஒரு தப்புச் செய்துவிட்டீர்கள். "பின்னுறதுதாம்மா உங்களைப் பயமுறுத்துது, அதை நிறுத்திடுங்க" என்றீர்கள். அன்று மாலையே அக்கா ஸ்வெட்டர், நூல், ஊசி எல்லாவற்றையும் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டுச் சாவியெல்லாம் என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு சாவி மட்டும் அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. முப்பது வருடமாகப் பின்னிய கை சும்மா கிடக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. அவர் மறுபடி பின்னலாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காரணமெல்லாம் வேண்டாம், குணமாகிவிட்டது என்றால் போதும். அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

வாண்டுக்கும் பெரியம்மா மேல் உயிர். பூதத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் என்னிடம் வருகிறது. "சீக்கிரம் வால் வெச்சுடு நடும்மா. நான் புடிச்சு இழுத்தா பெரியம்மாவோட ஞாபகமெல்லாம் வெளிய வந்துடும்ல?" என்கிறது. பாருங்கள், வால்கூட அக்காவின் நல்லதுக்குத்தான். பேட்டர்ன் தயாராக இருக்கிறது, ஒரு குல்லாய்க் கயிற்றிலிருந்து எடுத்தேன். நூல்தான் இல்லை. பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கிறது. எனக்கு இரண்டு மதியம் போதும்.

தூக்கத்துக்கு என்று மதியம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, அதை மட்டும் அதுவரை நிறுத்திவிடாதீர்கள். அக்காவுக்கு ஓய்வு தேவை.