அரை மில்லிமீட்டர்

இருபத்தோரு வருஷமாக லேத்தில் நிற்கிறேன் சார். ஒரு குழாயை விரலால் சுண்டினாலே அதன் சுவர் இவ்வளவு தடிமன் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அப்படி.

என் மனைவிக்குத் துணி ஆலையில் பேக்கிங் வேலை. அங்கே பெண்களுக்கு ஒரு சாஃப்ட்பால் அணி உண்டு. ஆசை ஆசையாகச் சேர்ந்தாள். ஒரு வருஷம் முழுக்க அவள் அடித்த பந்து நாலு எட்டுக்கு மேல் உருளவில்லை. கூட ஆடுகிறவர்கள் 'தடவல் ராணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அவள் அடிக்கிற அலுமினிய மட்டை உள்ளே வெறும் குழாய்தான். நுனி மூடியைச் சூடு காட்டிக் கழற்றினேன். லேத்தில் மாட்டி உள்சுவரை அரை மில்லிமீட்டர் சீவினேன். மூடியைத் திரும்ப ஒட்டினேன். சுவர் மெலிந்தால் மட்டை உள்வாங்கிப் பந்தை உதைத்துத் தள்ளும். அவளிடம் சொல்லவில்லை. அந்த வாரம் அவள் அடித்த பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"என்னங்க, பாத்தீங்களா? என் கையா இது?"

"உன் கைதான். இத்தனை நாள் பழகினது வீணாப் போகுமா?"

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் அவள் அடித்த பந்து, எதிரணியில் மூன்றாம் பேஸைக் காத்து நின்ற பெண்ணின் மணிக்கட்டை முறித்தது. அது நான் சீவின மட்டையின் வேகம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பந்து வீசுகிறவள் அதைவிடக் கிட்டத்தில் நிற்கிறாள். வீசி முடித்துக் கையைத் தூக்குவதற்குள் பந்து முகத்துக்கு வந்துவிடும். இதையெல்லாம் யோசித்தேன். ஆனால் அதற்கடுத்த இரண்டு ஆட்டத்தில் அவளுக்கு அடி சரியாக விழவில்லை, முகம் வாடிப்போய் வந்தாள். மறுபடி மூடியைக் கழற்றி இன்னும் கொஞ்சம் சீவினேன்.

அடுத்த ஆட்டத்தில் எதிரணிக்குப் பந்து வீசியவள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். என் மனைவி அடித்த பந்து அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. அடியின் சத்தம் கேட்டதுமே நான் கைதட்ட எழுந்துவிட்டிருந்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

அதிலிருந்து என் மனைவி வலது கையால் சாப்பிடுவதில்லை. "நான்தானே கொன்னேன், இந்தக் கைதானே" என்று தினமும் கேட்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகத்தான் சொல்கிறேன்.

"விளையாட்டுன்னா நடக்கிறதுதாம்மா. உன் அடி அவ்வளவு பலம், அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

எட்டு மாதமாயிற்று. இப்போது போலீஸில் நீங்கள் மட்டையை அறுத்துப் பார்த்துவிட்டீர்கள். ஆமாம், என் வேலைதான். இரண்டாம் தடவை என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தேன். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த அடியெல்லாம் தன்னுடையதில்லை என்று தெரிந்தால் அவள் மனசு தாங்காது சார்.