முன்வரிசையைப் பழக்கிய எமிலியானுஸ் மாஸ்டருக்கு

எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய மாஸ்டர் அவர்களே! பகலில் டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதிகள் ஏற்றி, மாலையில் எங்கள் பிள்ளைகளைப் பழக்கிய பெருந்தகையே! பந்தோடு ஓடாத, எவரும் கைதட்டாத முன்வரிசை ஐவருக்குப் பெயர் தேடித் தந்தவரே! வணக்கம்.

நீங்கள் எங்கள் இளைஞர் கழகத்துக்கு வந்த ஆண்டு 1993. அமெரிக்கன் புட்போலில் நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்த காலம். காரணத்தைக் கண்டவர் நீங்கள். எங்கள் அணி பந்தைக் கொண்டு ஓடப்போகும்போது முன்வரிசைப் பிள்ளைகள் தரையில் ஊன்றிய கையில் பாரத்தைப் போட்டார்கள், நகம் வெளுத்தது. பந்தை எறியப்போகும்போது குதிக்காலில் சாய்ந்தார்கள். நகம் சிவந்தே இருந்தது. அடுத்து என்ன வரும் என்று அறிய எதிரணிக்கு அது போதும்.

அதன்பின் ஈரப்புல்லில் குப்புறப் படுத்து, விரல் விரலாகப் பார்த்தீர்கள்.

"டேய், உன்ர கை கதைக்குது. வாயை மூடச் சொல்லு."

"கைக்கு எங்க மாஸ்டர் வாய்?" என்று கேட்டவன் பின்னாளில் வந்து சேர்ந்த டெனிஸ்டன், வரிசையின் நடுவில் நின்றவன். மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டீர்கள். சிரித்துக்கொண்டே ஓடினான்.

ஓட்டமோ எறிதலோ, ஒரே கை, ஒரே முதுகு, ஒரே முதலடி. எறியும்போதும் ஓட்டத்துக்குப் பாய்வதுபோலப் பாயப் பழக்கினீர்கள். எதிரணி நம்பி உள்ளே வரும். பந்து அவர்கள் தலைக்கு மேலால் போகும். அப்படித்தான் 2004இல் கிண்ணம் வந்தது. அதற்கு நன்றி.

சென்ற ஆண்டு ஒக்டோபரில் ஓர் ஆட்டத்தில் டெனிஸ்டன் தலையில் மோதுண்டு எழுந்தான்.

"தலை எப்பிடி?" என்றீர்கள்.

"ஒண்டுமில்லை மாஸ்டர்."

குனிந்து கையை ஊன்றினான். முன்பு நின்றபடியே நின்றான். முகம் எதையும் சொல்லவில்லை, சொல்லாதிருக்கப் பழகியிருந்தான். அடுத்த மோதலில் விழுந்தவன் இன்றுவரை எழுந்து நடக்கவில்லை. ஓரத்தில் நின்ற எங்களில் எவரும் அவனைத் தடுக்கவில்லை. குற்றம் உங்களுடையது மட்டும் என்று நீங்கள் எடுத்துக்கொண்டு போவதை நாங்கள் ஏற்கவில்லை.

இந்தப் பருவம் முழுதும் வேலை செய்தீர்கள். புல்லில் படுக்கவில்லை. இப்போது பழக்கியது போதும் என்கிறீர்கள். போங்கள். ஆனால், வில்லரேயில் இருக்கும் அவன் வீட்டுக்கு நீங்கள் ஒருமுறையும் போகவில்லை. கோயிலில் அவன் தகப்பன் தேவதாசனைக் கண்டால் பக்கக் கதவால் வெளியேறுகிறீர்கள். தனியே சொல்லிப் பார்த்தோம், பேச்சை மாற்றினீர்கள். ஆகவே இந்தப் பிரியாவிடைச் சபையில் வாசிக்கிறோம்.

தேவதாசன் எங்களிடம் சொன்னது இது: "எனக்கு அவரோட கோவம் இருந்தது. இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். ஆனா பெடியன் வாசல் மணி அடிச்சாக் கதவைப் பாக்கிறான். நான் எண்டு கண்டு முகத்தைத் திருப்புறான். எத்தினை நாளைக்கு நான் அதைப் பாக்கிறது?"

மாஸ்டர் அவர்களே! நெடுநாள் நலமுடன் வாழ வாழ்த்துவது எங்கள் கடமை, மனமார வாழ்த்துகிறோம். அந்த நாட்களில் ஒன்றை, இன்றையதை, அவனுக்குக் கேட்கிறோம். சாப்பாட்டுக்கு நிற்க வேண்டாம். தேவதாசன் மண்டபத்துக்கு வெளியே காரில் இருக்கிறார். உங்கள் துணைவியார் அக்னெஸ் அக்கா உங்கள் கோட்டோடு வாசலில் நிற்கிறார்.

மொன்றியல், நவம்பர் 2008

இப்படிக்கு,
கழகப் பயிற்சியாளர்கள்
விமலநாதன், ஜெராட், யோகேந்திரன்