அறுபதா, நூத்திருபதா

— சோறு ஆறுதுங்க. வாசலுக்கும் கொல்லைக்குமா எத்தன தரம் நடப்பீங்க?

— எறங்கல ஜானகி. செங்கமலம் மொகம் கண்ணுலயே நிக்குது. "ஒங் குடிசைக் கூரையப் பிரிச்சுக்க"ன்னு நேத்து நான்தான் போய்ச் சொன்னேன்.

— யுத்தத்துக்கு வயர்லெஸ் கம்பம் நடுறாங்க. துரை சொன்னாரு, நீங்க செஞ்சீங்க. விடுங்களேன்.

— துரை சொல்லலயே, அதான் அரிக்குது. கேளேன். கம்பம் சாயாம இருக்க உச்சியிலேர்ந்து கம்பி இழுத்து, தரையில முளை அடிச்சுக் கட்டணும். கம்பி எந்தப் பக்கம் போவுதுன்னு சொல்ல மூணு கோணம் வேணும். நேர் கீழ ஒண்ணு, வடக்கோட ஒண்ணு, கெழக்கோட ஒண்ணு. துரை ரெண்டுதான் குடுத்தாரு. கீழ நாப்பத்தஞ்சு, வடக்கோட அறுபது. மூணாவத நான் எடுக்கணும்.

— எடுத்துட்டீங்கள்ல?

— மூணு கொசைனையும் வர்க்கம் பண்ணிக் கூட்டினா ஒண்ணு வரணும். மொதலுக்கு அரை, ரெண்டாவதுக்குக் கால். மிச்சம் கால். அதோட மூலம் அரை. அரைன்னா அறுபது டிகிரி. முளை கெழக்கால, செங்கமலம் வூட்டு அடுப்பு மேல போய் விழுது.

— சரித்தான் போங்க. கணக்கு அப்படி வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?

— மைனஸ் அரைக்கும் வர்க்கம் கால்தான். அப்ப நூத்திருபது டிகிரி. முளை மேக்கால, நம்ம களத்து மேட்டுல விழும்.

— ஓ.

— "எந்தப் பக்கம்னாலும் சரி வேணுகோபால், மத்த கம்பிய அதுக்குத் தக்கன மாத்திக்கலாம், நீயே எழுது"ன்னாரு துரை. நான் அறுபதுன்னு எழுதினேன். களத்துல கைய வச்சா அப்பா கத்துவாருன்னு பயம். இன்னொரு விடை இருக்குன்னு மூச்சு விடல.

— போவட்டும். அவளுக்கு ஒரு வழி பொறக்காமலா போயிடும்?

— சிரிச்சுக்கிட்டே சொல்றியே. கைப்புள்ளயோட எங்க போவா அவ?

— ஒக்காந்து சாப்பிடுங்க. ஒரு சேதி சொல்றேன்.

— நான் மொதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி சோறு உள்ள போவாது. மத்தியானம் ஓடிப்போய் நூத்திருபதுன்னு மாத்திக் குடுத்துட்டேன். துரை கையெழுத்துப் போட்டுட்டு அரியலூர் ஸ்டேஷனுக்குக் கெளம்பிட்டாரு. விடிஞ்சதும் களத்து மேட்டுல குழி வெட்டுறாங்க. அப்பா என்னைய வூட்ட விட்டு வெரட்டினாலும் சரி. ஏன் எந்திரிச்சிட்ட?

— துரைய மறிக்க முடியாதாங்க?

— ரயில் ஏறியிருப்பாரு. அவரு கையெழுத்து இல்லாம முளைய ஒரு அடி நவத்த மாட்டாங்க. எதுக்குக் கேக்குற?

— காலையில மாமா கால்ல விழுந்து எடம் கேட்டு வாங்கினேங்க. அறுப்பு வரைக்கும் சும்மா கெடக்கற நம்ம களத்து மேட்டுல செங்கமலம் பழைய கூரையப் பிரிச்சாந்து போட்டு, ஒலையும் வச்சுட்டா.