சாவி கேட்டு வந்த பொண்ணு

இல்லம்மா, சர்ச்சுச் சாவி எங்கயும் ஓடிப்போகாது. அந்தா ஆணியிலதான் தொங்குது, உன் தலைக்கு மேலயே. மொதல்ல உக்காரு. பையை இப்படிக் குடு. அட, பாக்க இவ்ளோ பெருசு, தூக்குனா பஞ்சு மாதிரி இருக்கே! அடியில மட்டும் ஏதோ இரும்பு இடிக்குது. கூடாரம் அடிக்கிற முளையா? சரி சரி. தனியா ஊர் சுத்துற பொண்ணு, வேணும்தான்.

நீ அவசரப்பட்டும் பிரயோஜனம் இல்ல. வெளிய பாரு, சந்து பூரா மாடு. உன் காருக்கு முன்னாடியும் மாடு, பின்னாடியும் மாடு. எங்க அண்ணன் மாலக்கி பால் கறக்க ஓட்டிட்டுப் போறான். அவனை அவசரப்படுத்த போப்பாண்டவர் வந்தாலும் முடியாது. அதுக்குள்ள ஒரு டீ குடிச்சிடலாம். வேண்டாம்னு சொல்லாத. கிளேர் பக்கம் வந்துட்டு டீ வேண்டாம்னு சொன்னா, இவளுக்கு என்ன கோளாறுன்னு நெனப்போம்.

சோடா ரொட்டி காலையில சுட்டது. மேல லேசா கருகிடுச்சு, பரவால்ல. அடுப்பு பழசு. இந்த வீட்டுல எல்லாமே பழசு, என்னையும் சேத்து. வாசல் கேட்டு இருக்கே, அது என்னைவிடப் பழசு. புதுசா வந்த ஃபாதர் டோனல் அதோட மல்லுக்கட்டிப் பாத்து, முடியாம, கடைசியில ஏறிக் குதிச்சாரு. கால்சட்டை பின்னாடி டர்ருன்னு கிழிஞ்சுபோச்சு. பாவம், போற வரைக்கும் இந்தச் சுவத்துல முதுகை ஒட்டிக்கிட்டே நின்னாரு. நான் ஒண்ணுமே பாக்காத மாதிரி டீ ஊத்திக் குடுத்தேன்.

கனடாவா? நல்ல ஊரு. அயர்லாந்துக்கு இதுதான் மொதோ தடவையா? ஓ. மொதோ தடவை. சரி.

கோடை பூரா தனியாவா? இல்லம்மா, குத்தமா சொல்லல. எனக்கெல்லாம் என்னிஸ் சந்தைக்குப் போறதுக்கே துணைக்கு ஆள் வேணும். கால்வே பாத்தாச்சு, டிங்கிள் பாத்தாச்சு, கில்கென்னி கோட்டையும் பாத்தாச்சு. பரவால்லயே! கிளெண்டலாக்? போன வாரமா! அந்த வட்டக் கோபுரம் என்னா உசரம், இல்ல? மேல ஏறி நின்னா ரெண்டு ஏரியும் தெரியுமாமே. ஏறுனியா? ஆமாவா? அழகா இருந்துச்சா? இருக்கும், இருக்கும். இன்னும் கொஞ்சம் வெண்ணெய் தடவிக்கோ.

ஒரு சாவி குடுக்க இந்தக் கெழவி என்ன இவ்ளோ நோண்டுறாளேன்னு நெனக்கிற. மூஞ்சியில தெரியுது. முன்னெல்லாம் நான் இப்படி இல்லம்மா. யார் கதவைத் தட்டினாலும் ஒரு வார்த்தை கேக்காம எடுத்து நீட்டிடுவேன். புனித கோரன் சர்ச்சுச் சாவி எப்பவும் இந்த வீட்டுலதான் இருக்கும். என் மாமியார் வெச்சிருந்தாங்க, அப்புறம் நான். கூரைகூட இல்லாத பாழடைஞ்ச சர்ச்சுதான். ஆனா பூட்டு இருக்கே, சாவி இருக்கே. சாவி இருக்குற வீட்டுக்குன்னு ஒரு மரியாதையும் இருந்துச்சு.

அது போன கோடையோட போச்சு. அங்க வாசப்படிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கல்லு மூஞ்சி இருந்துச்சு. பூசணிக்கா அளவுதான் இருக்கும். எந்தக் காலத்துல எவன் செதுக்குனானோ. ஊரை விட்டுப் போறவங்க இடது பக்கத்து மூஞ்சியைத் தடவிட்டுத்தான் கப்பல் ஏறுவாங்க. திரும்பி வரணும்னு. தடவித் தடவி மூக்கே தேஞ்சுபோச்சு. என் மவன் ஃபின்டன் ஆஸ்திரேலியா போறப்ப அதைத் தொட்டுட்டுத்தான் போனான். சிரிச்சுக்கிட்டேதான் தொட்டான், ஆனா தொட்டான். அந்த மூஞ்சியைத்தான் ஒரு ஆளு பேத்து எடுத்துட்டுப் போயிட்டான்.

பொறு, கேளு. எனக்கு அன்னிக்கு நெருப்பாக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. கீழ ஒருத்தன் நின்னு சாவி கேக்குறான். சோன்னு மழை. மஞ்சக் கோட்டு, தலையை மூடிக்கிட்டு. மூஞ்சி தெரியல. மழை இரைச்சல்ல குரலும் சரியாக் கேக்கல. சாவியை ஒரு காலுறைக்குள்ள போட்டு மாடி ஜன்னல்ல இருந்து விட்டெறிஞ்சேன். அது கேட்டுக்கு உள்பக்கமே விழுந்துடுச்சு. கேட்டுக்கு வெளிய நின்னவனுக்கு எல்லாத்தையும் கத்திக் கத்திச் சொன்னேன், புத்தி கெட்டவ. சாயங்காலம் காலுறை வாசல்ல கெடந்துச்சு, சாவியும் உள்ள இருந்துச்சு. மூஞ்சிதான் இல்ல.

போலீஸ் சார்ஜென்ட்கிட்ட ஒரு பையன்னுதான் சொன்னேன். ஊரே ஒரு வருஷமா ஒரு பையனைத் தேடுது.

நான் வாங்குன பேச்சு இருக்கே! தபாலாபீஸ்ல பெர்னி, நாலு பேர் முன்னாடி, என்ன நுவாலா, அடுத்த தடவை சர்ச்சையே காலுறையில கட்டிக் குடுத்துடுவியான்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து அழுதேன்மா, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். வர்ற ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் கூட்டம் போடுறாங்க. சாவியை என்கிட்ட இருந்து வாங்கி பெர்னிகிட்ட குடுக்கப் போறாங்க. அந்த மூஞ்சி திரும்பி வந்தாத்தான் இந்த வீட்டுல சாவி தங்கும். இல்லன்னா அந்த வெறும் ஆணியைப் பாத்துக்கிட்டுதான் நான் உக்காந்திருக்கணும்.

எங்க எந்திரிக்கிற? மாடு இன்னும் போகலையே. சர்ச்சு பாக்க வேண்டாமா? இப்போதானே அவ்ளோ ஆசையாக் கேட்ட. வலது பக்கத்து மூஞ்சி இன்னும் அங்கதான் இருக்கு. ஜோடியா இருந்தா நல்ல விலை போகும்னு சார்ஜென்ட் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதான் என்னிக்காவது ஒரு நாள் ரெண்டாவதுக்கும் ஆள் வரும் நுவாலா, கண்ணை மட்டும் தொறந்து வெச்சுக்கோன்னு சொன்னாரு. வெச்சிருந்தேன். ஆனா பையனுக்காக வெச்சிருந்தேன், பாரேன்.

கிளெண்டலாக் கோபுரத்துக்குள்ள படியே கிடையாதும்மா. ஒருத்தரும் ஏற முடியாது. நீ என்னமோ ஏறி ரெண்டு ஏரியும் பாத்தேன்ற. சரி, கெழவி மனசு நோகக் கூடாதுன்னு தலையாட்டியிருப்ப. அதை விட்டுடறேன்.

இல்ல, கார்கிட்ட போக முடியாது. மாடு நகராது. எவ்ளோ நேரமா நிக்குது, நல்லாப் பாரு, அதுல ஒண்ணுக்காவது மடி இருக்கா? அத்தனையும் காளை. கனடாவுல எப்படியோ, இங்க காளைகிட்ட நாங்க பால் கறக்கறதில்ல. கதவைத் தொறக்காம உன்னை வாசல்ல நிக்க வெச்சேன் பாரு, அப்பவே மாலக்கிக்கு ஃபோன் போட்டுட்டேன். அவனுக்கு அடுத்து இன்னொருத்தருக்கும் போட்டேன்.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னா கேக்குற? நான் அங்க பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்மா. நீ வந்தது ஜன்னல்ல தெரிஞ்சுது. கேட்டு மேல இருக்குற கொண்டியை நீ தொடவே இல்ல. குனிஞ்சுகூடப் பாக்கல. கால் நுனியால அடிக்கம்பியைத் தூக்கி, இடுப்பால ஒரு தள்ளு, உள்ள வந்துட்ட. அந்த வித்தை இந்த வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும். போன வருஷம் மழையில நான் கத்திக் கத்திச் சொல்லிக் குடுத்த அந்த மஞ்சக் கோட்டுக்கும் தெரியும்.

டீயைக் குடிச்சு முடி, ஆறிப்போகுது. அந்தா, ஹாரன் சத்தம். சார்ஜென்ட்தான். பாவம், அவருக்கு எங்க கேட்டைத் தொறக்கத் தெரியாது. எனக்கும் முட்டி வலி. நீ போய்த் தொறந்து விடும்மா.